ஜாம்ஷெட்பூருக்கும் ஒரு மாநகராட்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய மாநகராட்சிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவரும் வாசகர் கடிதங்களை விடாமல் படித்து வருகிறேன். 2019இல் ஓசூரும், 2021இல் சிவகாசியும், 2024இல் புதுக்கோட்டை, திருவண்ணாமலை, நாமக்கல், காரைக்குடி ஆகிய ஊர்களும் மாநகராட்சிகளாயின. சொத்து வரி ஏறிவிடும், நூறு நாள் வேலை போய்விடும் என்று இணைப்புக்கு ஆளாகும் ஊராட்சிகளின் மக்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால், மாநகராட்சி என்பதே வரி வாங்குவதற்கான ஏற்பாடுதான், அது இல்லாத ஊரே நன்றாக இருக்கும் என்று சிலர் எழுதும்போது, அப்படி ஒன்று இல்லாத மிகப் பெரிய தொழில் நகரமொன்றில் 31 ஆண்டுகள் வாழ்ந்தவன் என்ற முறையில் நான் கண்டதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். நான் குறிப்பிடுவது ஜார்க்கண்ட் மாநிலத்தில் உள்ள ஜாம்ஷெட்பூரை.

சுவர்ணரேகா, கர்காய் என்னும் இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில், சாக்சி என்ற சிற்றூரைச் சுற்றி எழுந்த நகரம் அது. டாடா இரும்பாலைக்கான நிறுவனம் 1907இல் தொடங்கப்பட்டது. 1912இல் முதல் எஃகு வார்க்கப்பட்டது. 1919இல் அன்றைய வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு பிரபு, ஜாம்ஷெட்ஜி டாடாவின் நினைவாக ஊருக்கு இன்றைய பெயரைச் சூட்டினார். ஆலை எழும் முன்பே, தெருக்கள் அகலமாக இருக்க வேண்டும், இருபுறமும் நிழல் மரங்கள் வேண்டும், பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும், கோயிலுக்கும் மசூதிக்கும் தேவாலயத்துக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்று ஜாம்ஷெட்ஜி தம் மகனுக்கு எழுதியது பலரும் அறிந்த செய்தி. அந்த மரங்களின் நிழலில் என் பிள்ளைகள் வளர்ந்தார்கள். குழாயைத் திறந்தால் அப்படியே குடிக்கத்தக்க தண்ணீர் வந்தது; மின்சாரம் போன நாட்களை எண்ணிச் சொல்லிவிடலாம்; குப்பை அள்ளும் வண்டி தவறாமல் வந்தது. இவை அனைத்தையும் செய்தது நகராட்சி அல்ல, நிறுவனம். நெய்வேலி நகரியத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வாழ்க்கை ஓரளவு புரியும்.

ஆகவே, பணியில் இருந்த காலம் முழுவதும், நகராட்சி வந்தால் கவுன்சிலரும் கான்ட்ராக்டரும் சேர்ந்து ஊரைக் கெடுத்துவிடுவார்கள் என்று சொல்பவர்களில் ஒருவனாகவே நானும் இருந்தேன். என் எண்ணத்தை மாற்றியது எங்கள் குவார்ட்டர்ஸின் பின்சுவருக்கு அப்பால் இருந்த குடியிருப்பு. அங்கே அவற்றை பஸ்தி என்பார்கள். ஆலைகளுக்கும் அவற்றை நம்பிய சிறு தொழில்களுக்கும் வேலை தேடி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்களும், அந்த மண்ணின் பழங்குடியினரும் தாங்களாகவே கட்டிக்கொண்ட வீடுகள் அவை. ஊர் அரசியலில் '86 பஸ்தி' என்பது தேர்தலுக்குத் தேர்தல் ஒலிக்கும் சொல். அந்த வீடுகளுக்குப் பட்டா உரிமை தருவதாக வாக்குக் கொடுக்காத கட்சி இல்லை.

எங்கள் வீட்டில் வேலை செய்த, நாங்கள் மௌசி என்று அழைத்த அம்மாள் அந்தப் பஸ்தியில்தான் இருந்தார். நான் மாலையில் ரப்பர் குழாயைப் பிடித்து மல்லிகைச் செடிக்குத் தண்ணீர் விடும் அதே நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு கைப்பம்பின் முன்னால் நீலமும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாகக் காத்திருக்கும். ஓர் ஆண்டு ஆடி மழையில் அவர் தெருவின் சாக்கடை பொங்கி, வீட்டுக்குள் கணுக்கால் அளவு நின்றது. அவருக்காக நானே மனு எழுதி, ஓர் அலுவலகத்துக்குக் கொண்டு போனேன். அந்த இடம் தங்கள் எல்லைக்குள் வராது என்று சொல்லி வேறோர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள்; அங்கே முதல் அலுவலகத்தின் பெயரைச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். எந்தத் தமிழ்நாட்டுப் பேரூராட்சியிலும், நேரே வார்டு உறுப்பினர் வீட்டு வாசலில் போய் நின்று, 'அடுத்த தேர்தலில் எங்கள் தெருவுக்கு வருவீர்கள் அல்லவா?' என்று கேட்டிருப்பார்கள். மௌசிக்கு அப்படிக் கேட்க ஓர் ஆள் இல்லை. எனக்கும் இல்லை என்பது, ஓய்வு பெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்த மாதம்தான் உறைத்தது. தொழிலாளி என்ற தகுதி போனதும், குடிமகன் என்ற தகுதியில் அந்த நகரத்தில் நான் போய்ப் பேச ஒரு மன்றமும் கிடையாது.

2011 கணக்கெடுப்பின்படி ஜாம்ஷெட்பூர் நகரில் மட்டும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். சுற்றுப்புறங்களையும் சேர்த்தால் 13 லட்சத்தைத் தாண்டுகிறது. தலைநகர் ராஞ்சியின் நகர்ப்புறத் தொகுப்பை விட இது பெரியது. கர்காய் ஆற்றின் மறுகரையில், அதே கணக்கெடுப்பில் சுமார் 1.74 லட்சம் பேரைக் கொண்ட ஆதித்யபூருக்கு மாநகராட்சி உண்டு. பாலத்தைக் கடந்து இந்தப் பக்கம் வந்தால் இல்லை. சட்டமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பும் ஊர் இது. 2014 முதல் 2019 வரை முதலமைச்சராக இருந்த ரகுபர் தாஸ் இந்த ஊரின் கிழக்குத் தொகுதியைச் சேர்ந்தவர். முதலமைச்சரைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய மக்களுக்குத் தங்கள் தெருவிளக்கைப் பற்றி முடிவெடுக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வழியில்லை.

இதற்குச் சட்டத்தில் காட்டப்படும் ஆதாரம், 1993 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆவது திருத்தத்தின் 243க்யூ பிரிவில் உள்ள ஒரு விதிவிலக்கு. ஒரு பகுதியின் பரப்பளவையும், அங்கே ஒரு தொழில் நிறுவனம் செய்து தரும் நகராட்சிச் சேவைகளையும் கருத்தில் கொண்டு, ஆளுநர் அதைத் தொழில் நகரியமாக அறிவிக்கலாம். அப்போது அங்கே நகராட்சி அமைக்க வேண்டியதில்லை. அந்தப் பிரிவு சேவையோடு பரப்பளவையும் சேர்த்தே சொல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆலையும் அதன் ஊழியர்களும் மட்டுமே உள்ள சிறு குடியிருப்புக்கு இந்த விதிவிலக்குப் பொருந்தும். கடைக்காரரும் ஆசிரியரும் ரிக்‌ஷா ஓட்டுநரும் ஆலைக்குள் காலே வைக்காத பல லட்சம் பேரும் வாழும் நகரத்துக்கு அது எப்படிப் பொருந்தும்? ஆயினும், உச்ச நீதிமன்றம் வரை சென்ற நீண்ட வழக்குக்குப் பிறகு, 2023 டிசம்பரில் ஜார்க்கண்ட் அரசு ஜாம்ஷெட்பூரைத் தொழில் நகரியமாகவே அறிவித்தது. தேர்தல் இல்லை, நியமனக் குழுதான். இது தவறான முடிவு என்பது என் உறுதியான கருத்து.

இதில் பண இழப்பும் உண்டு. நிதிக்குழுவின் பரிந்துரைப்படி ஒன்றிய அரசு தரும் உள்ளாட்சி மானியம் முறையாக அமைக்கப்பட்ட உள்ளாட்சிகளுக்கே உரியது. சாக்கடை இல்லாத பஸ்திகளுக்குத்தான் அந்தப் பணம் அதிகம் தேவை.

மாநகராட்சி வந்தால் நிறுவனம் விலகிக்கொள்ளும், தண்ணீர் கெட்டுவிடும் என்ற அச்சத்தை நான் அலட்சியமாக எண்ணவில்லை. என் நண்பர்கள் பலர் இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் தண்ணீரையும் மின்சாரத்தையும் இப்போது தருபவர்களே தொடர்ந்து தருவதற்கு மாநகராட்சி தடையல்ல. மன்றம் அவர்களோடு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். கட்டணத்தை எவ்வளவு வைப்பது, அடுத்த குழாய் எந்தத் தெருவுக்குப் போவது என்பதை மக்கள் பிரதிநிதிகள் பொதுக் கூட்டத்தில் பேசித் தீர்மானிக்கலாம். நகரின் நிலத்தை அரசு நிறுவனத்துக்கு விட்டிருக்கும் குத்தகை 2005இல் புதுப்பிக்கப்பட்டபோது, 1996 முதல் 30 ஆண்டுகளுக்கு என்று கணக்கிட்டுத் தரப்பட்டது; குத்தகையைப் பற்றி அரசு பேசும்போதே மாநகராட்சி அமைப்பதையும் நிபந்தனையாக வைத்திருக்க முடியும், இனியும் வைக்க முடியும்.

ஜார்க்கண்ட் அரசு 2023 அறிவிப்பைத் திரும்பப் பெற்று, 86 பஸ்திகளையும் விடாமல் சேர்த்து வார்டுகளைப் பிரிக்கும் பணியைத் தொடங்க வேண்டும். பல தலைமுறைகளாக அங்கே வேர்விட்ட தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. தங்கள் செய்தியாளர் ஒருவரை அனுப்பி, குவார்ட்டர்ஸில் இருப்பவர்களிடமும், அந்தப் பின்சுவருக்கு அப்பால் இருப்பவர்களிடமும் இதைப் பற்றிக் கேட்டு எழுதச் செய்யுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி,
கும்பகோணம்.