பங்குனி, சித்திரை சனிக்கிழமைகளில் பறவை பார்க்கப் போகிறோம்

வணக்கம் உறவுகளே,

வருகிற சனிக்கிழமை தொடங்கி, சித்திரை முடியும் வரை வாரம் ஒரு நடை. விடிய 5.45 மணிக்கு நிலாவெளிச் சந்தியில் நில்லுங்கள். அங்கிருந்து பெரியகரைச்சிக் களப்புக்கு நடைதான். வெயில் ஏறமுன், 9 மணிக்குள் திரும்பிவிடலாம்.

ஏன் இந்த மாதங்களில் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கார்த்திகை, மார்கழியில் சாம்பலும் மண்ணிறமுமாகத் திரிந்த உப்புக்கொத்திகள் என்ற கரைப்பறவைகள் இப்போதுதான் இறகு உடுப்பு மாற்றுகின்றன. பொன்னிற உப்புக்கொத்திக்கு நெஞ்சும் வயிறும் கறுத்துக்கொண்டு வரும். சைபீரியாவுக்குப் போய் முட்டையிடுவதற்கான கோலம் அது. சித்திரை கழிந்தால் பெரும்பாலானவை போய்விடும், பிறகு ஆவணி, புரட்டாதி வரை காத்திருக்க வேண்டும். ஒருமுறை பார்த்தால் மறக்கமாட்டீர்கள், உண்மையாகச் சொல்கிறேன்.

நெடுங்கால் உள்ளான் நம்மோடு இங்கேயே இருக்கும். அதுவும் ஆலா என்ற நீர்ப்பறவைகளும் வெறுந்தரையில்தான் முட்டையிடும், முட்டை மண் நிறத்திலேயே கிடக்கும். அதனால் வழிகாட்டுபவரின் பின்னால் ஒரே வரிசையில் வாருங்கள். தலைக்கு மேல் ஒரு பறவை கத்திச் சுற்றினால் உடனே பின்வாங்குங்கள். தாய் எழும்பினால் வெயிலில் முட்டை கெட்டுவிடும். ஃபோனில் பறவைச் சத்தம் போட்டுக் கூப்பிடவும் வேண்டாம்.

ஒரு நடைக்கு 12 பேர். தொப்பி, தண்ணீர்ப் போத்தல், மங்கலான நிற உடுப்பு. தொலைநோக்கி இல்லாவிட்டாலும் வாருங்கள், குழுவில் மூன்று இருக்கின்றன. பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிவாருங்கள்.

வருபவர்கள் வியாழன் இரவுக்குள் இங்கேயே பெயர் போடுங்கள்.