மலை மறைத்தால் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

நிலத்தடி இயற்பியல் ஆய்வகம் பற்றிய செய்திகள் பெரும்பாலும் ‘மேலே மலை இருக்கிறது, காஸ்மிக் கதிர் வராது’ என்பதோடு முடிந்துவிடுகின்றன. மலை செய்வது பாதி வேலைதான்.

இத்தாலியின் கிரான் சாஸோ நிலத்தடி ஆய்வகத்தில் 1,400 மீட்டர் பாறை, காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதும்போது பிறக்கும் மியுவான் துகள்களின் வரத்தைப் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கிறது. அங்கே ஜெர்டா சோதனை ஜெர்மேனியம்-76இல் நியூட்ரினோ இல்லாத இரட்டை பீட்டா சிதைவைத் தேடியது: அணு நியூட்ரினோ எதையும் விடாமல் இரண்டு எலெக்ட்ரான்களை மட்டும் உமிழும் மிக அரிய சிதைவு. கிடைத்தால் 2,039 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஒரு கூர்முனை தெரியும். ஆனால் கேபிள், திருகு, காற்றிலுள்ள ரேடான் என நாமே உள்ளே கொண்டுபோகும் எல்லாவற்றிலும் கதிரியக்கக் கறை உண்டு, அதுவும் போலி நிகழ்வுகளைத் தரும்.

அதனால் உணரிகளான ஜெர்மேனியப் படிகங்களை உறையின்றி 64 கன மீட்டர் திரவ ஆர்கானில் தொங்கவிட்டார்கள். வம்பு ஆர்கானிலேயே இருந்தது. அதில் சிறிதளவுள்ள ஆர்கான்-42 சிதைந்து பொட்டாசியம்-42 ஆகிறது. அந்த அயனிகளைப் படிகத்தின் மின்னழுத்தமே தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். ஒட்டியபின் அவை விடும் பீட்டாவின் ஆற்றல் 3,500 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரை போகும். தேடும் இடமே மூழ்கிவிடும். முதலில் மெல்லிய செம்புத் தகட்டால் சுற்றினார்கள். அயனி நின்றது, ஆனால் பின்னணி நிகழ்வுகளைக் காட்டிக்கொடுக்கும் ஆர்கானின் ஒளிர்வையும் செம்பு மறைத்துவிடும். இரண்டாம் கட்டத்தில் நைலான் உறை வந்தது. 128 நானோமீட்டர் புற ஊதாவை நீல ஒளியாக மாற்றும் பூச்சு அதன்மேல். மலிவான நைலான் செய்த வேலை இது!

மிச்சத்தைப் படிகம் தரும் மின்துடிப்பின் வடிவம் பிரித்தது: இரட்டை பீட்டா ஒரே புள்ளியில் ஆற்றலைக் கொட்டும், காமா பல இடங்களில் சிதறும். கடைசியில் 100 கிலோ படிகத்தை 20 ஆண்டு பார்த்தால், ஒரு கிலோ எலெக்ட்ரான் வோல்ட் அகலத்தில் சுமார் ஒரு போலி நிகழ்வு என்ற அளவுக்கு வந்தது. சிதைவு தென்படவில்லை, அரை ஆயுள் (அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம்) 1.8 × 10²⁶ ஆண்டுக்கு மேல் என 2020இல் அறிவித்தார்கள்.

பக்கத்து சோதனையான குவோரே, கடலில் மூழ்கிய ரோமானியக் கப்பலின் ஈயத்தைக் கவசமாக்கியது. புது ஈயத்தில் 22 ஆண்டு அரை ஆயுளுள்ள ஈயம்-210 இருக்கும். இரண்டாயிரம் ஆண்டுப் பழைய ஈயத்தில் அது தீர்ந்துபோயிருக்கும்.

தேனி பொட்டிப்புரத்தில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்திலும் வெள்ளீயம்-124ஐ வைத்து இதே தேடலுக்கு யோசனை இருந்தது. இத்தகைய திட்டங்களைப் பற்றி எழுதும்போது சுரங்கத்தின் நீளத்தோடு, கவச ஈயம் எந்தக் காலத்தது, செம்பு எத்தனை நாள் தரைக்கு மேல் கிடந்தது (அங்கே காஸ்மிக் கதிர் பட்டு அதுவும் கதிரியக்கம் பெறும்) என்றும் உங்கள் நிருபர்கள் கேட்கலாமே.

– வாசகர், மதுரை