செயலாளர் ஆண்டறிக்கை: மாரிக்குப்பம், ஊரும் சுரங்கமும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, மூத்தோரே, உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தபடி, இந்த ஆண்டு சங்கத்தின் கவனம் பெரும்பாலும் நம் ஊரின் வரலாற்றையும் நிலத்தையும் எழுதிவைப்பதிலேயே இருந்தது. வழக்கமான பணிகள் குறையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

முதலில் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு வரைபடம் போட்டோம். பங்காருப்பேட்டையிலிருந்து கோரமண்டல், உரிகம், சாம்பியன் வழியாக வரும் ரயில் பாதை நம் ஊரோடு முடிகிறது. 1894-இல் இந்தப் பாதை வந்ததே தங்கத்துக்காகத்தான். கோலார் தங்கவயலின் தென்கோடியில் இருக்கும் நமக்கு வாய்த்தது மைசூர் மைன் என்ற சுரங்கம். சுற்றிலும் வெளிர்நிறக் கருங்கல் நிலம். நடுவே வடக்கு தெற்காக ஓடும் ஒரு கறுப்புப் பாறைப் பட்டை. அதிலுள்ள வெள்ளைக் கல் (குவார்ட்ஸ்) இழைகளில்தான் தங்கம் இருந்தது. சுரங்கங்கள் வரிசையாக அமைந்ததும், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகள் அவற்றை ஒட்டியே எழுந்ததும் இதனால்தான்.

முன்னாள் ராணுவ வீரர் லவெல் 1870களில் இங்கே தங்கம் தோண்ட உரிமம் வாங்கியது, 1880-இல் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயச் சுரங்கக் கம்பெனி வந்தது, 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது எல்லாம் புத்தகங்களில் இருக்கின்றன. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து கீழே இறங்கிய நம் தாத்தாக்களைப் பற்றித்தான் போதுமான அளவுக்கு எழுதப்படவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு அந்தக் காலத்திலேயே இங்கே கிளை இருந்தது. சுரங்கத்தில் உழைத்தவர்கள் படித்தார்கள், கூட்டம் போட்டார்கள், 1930-இல் பெரிய வேலைநிறுத்தமும் செய்தார்கள். 1946 நவம்பர் 4 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அந்த நாளை நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் பேச்சைப் பதிவு செய்தது இந்த ஆண்டின் முக்கியமான வேலை. எல்லாரும் முதலில் சொன்னது ஏர் பிளாஸ்ட்டைத்தான். கல்லை வெட்டியெடுத்த இடத்தைச் சுற்றியுள்ள பாறை, மேலிருக்கும் பாரம் தாங்காமல் திடீரென்று வெடித்துச் சிதறும். மேலே வீட்டில் பாத்திரம் உருளும். பெண்கள் ஷாஃப்ட் (சுரங்கத்துக்குள் இறங்கும் குழி) வாசலுக்கு ஓடுவார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனார்கள். அங்கே பாறையின் சூடே 60 டிகிரிக்கு மேல். அப்புறம் தூசி, நுரையீரல் நோய். இவற்றைச் சொல்லும்போது பலருக்கு இருமல் வந்து பேச்சு நின்றது. அதையும் வெட்டாமல் அப்படியே வைத்திருக்கிறோம்.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அன்றிலிருந்து நம் பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். லைன் வீடுகளுக்குப் பத்திரம் கேட்டு நாம் கொடுத்த மனுவுக்கு இன்னும் பதில் இல்லை, தொடர்ந்து கேட்போம்.

சயனைட் மேடுகளை, அதாவது தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிக் குவித்த கழிவுத் தூள் மேடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தங்கவயல் முழுவதும் இவை 13. இவற்றில் மிச்சமுள்ள தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்கு 2024-இல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை ஊரில் இருக்கிறது, அது நியாயமானதே. ஆனால் காற்றடிக்கும் மாதங்களில் இந்தத் தூள் நம் சோற்றில் விழுவதை நாம் அறிவோம். மேட்டைக் கிளறும்போது தூசியை எப்படித் தடுப்பார்கள் என்பதை எழுத்தில் தரும்படி கேட்க, இந்தக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவருகிறோம்.

வரும் ஆண்டில் பெண்களின் நினைவுகளைப் பதிவு செய்யப் போகிறோம். பழைய வேலைச் சீட்டு, குடும்பப் போட்டோ, கடிதம் வைத்திருப்பவர்கள் கொடுத்தால் நகல் எடுத்துவிட்டு உடனே திருப்பித் தந்துவிடுவோம்.

நன்றி.
செயலாளர்