நர்சிங்குக்கு விண்ணப்பிக்கும் முன் நோயாளியின் பக்கத்தில் போய் நில்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேறு பட்டம் படித்தவர்களும் வெளிநாட்டில் ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் நர்ஸ் ஆகிவிடலாம் என்று உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். செய்தி சரிதான், ஆனால் அதில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதியை யாரும் சொல்லாததால் எங்கள் பகுதிப் பிள்ளைகள் நேராக, வெளிநாட்டில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் கன்சல்டன்சிக்காரர்களிடம் போய்ப் பணத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள். அல்சூரில் குடியிருக்கிறேன். முன்பெல்லாம் பிளஸ் டூ முடித்த பெண்களைக் கூட்டிக்கொண்டு அம்மாக்கள் வருவார்கள், எந்தக் கல்லூரி நல்லது, ஹாஸ்டல் எப்படி என்று கேட்பார்கள். இப்போது வருகிறவர்கள் வேறு. மர்ஃபி டவுன், லிங்கராஜபுரம், ஸ்ரீராமபுரம், சில நேரம் கோலார் தங்கவயலிலிருந்து ரயிலேறிக்கூட வருகிறார்கள். வயது 24, 25 இருக்கும். பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி, பி.காம். என்று ஏதாவது ஒரு பட்டம் கையில் இருக்கும், மெடிக்கல் கோடிங் கம்பெனியிலோ கால் சென்டரிலோ வேலை. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில்லுக்கு நாள் முழுக்க நோயின் எண்ணைப் போட்டுப் போட்டு, இந்த நோயாளியை நானே பார்த்துக்கொண்டால் என்ன என்று ஒரு கட்டத்தில் தோன்றிவிடுகிறது. அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். பையன்களும் வருகிறார்கள் என்பது எனக்குத் தனிச் சந்தோஷம்.

முதலில் இந்தப் படிப்பு என்னவென்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏஜெண்டுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு விற்கிறார்கள். அமெரிக்காவில் வேறு பாடத்தில் இளநிலைப் பட்டம் வைத்திருப்பவர்களுக்கு 12 முதல் 18 மாதங்களில் முடிகிற துரித பி.எஸ்சி. நர்சிங் இருக்கிறது. அதே ஆட்களை நேராக முதுநிலையில் சேர்த்துக்கொள்ளும் படிப்பும் இருக்கிறது, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அது 15 மாதம். கனடாவில் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் 2 ஆண்டு, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 20 மாதம். ஆஸ்திரேலியாவில் சிட்னி, மெல்போர்ன் பல்கலைக்கழகங்களில் 2 ஆண்டு முதுநிலை, இங்கிலாந்திலும் பட்டதாரிகளுக்கு 2 ஆண்டுப் படிப்பு உண்டு. காலம்தான் குறைவு, பாடம் குறைவில்லை. அமெரிக்காவில் நான்கு வருடம் படித்தவர் நர்ஸ் உரிமத்துக்காக எழுதுகிற அதே என்கிளெக்ஸ் தேர்வைத்தான் இவர்களும் எழுத வேண்டும். இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய 4,600 மணி நேரப் பயிற்சி கணக்கு, அதில் பாதி, அதாவது 2,300 மணி நேரம், நோயாளிகளோடு. முன்பு படித்ததில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்வதால்தான் பட்டதாரிகளுக்கு 2 ஆண்டில் முடிகிறது.

இங்கே இன்னொன்று. ஏற்கெனவே பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்களுக்கு இந்தப் படிப்பே தேவையில்லை. அவர்கள் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் கொடுத்து நேராக என்கிளெக்ஸ் எழுதலாம். அப்படிப்பட்ட ஒரு பெண்ணிடமே துரிதப் படிப்புக்குப் பணம் வாங்க ஒரு கன்சல்டன்சி பேசியிருக்கிறது, கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

சரி, போட்டிக்கு வருவோம். இடம் குறைவு, ஆள் அதிகம். மதிப்பெண் வேண்டும்தான், ஆனால் முதல் தடை மதிப்பெண் இல்லை, முன்தேவைப் பாடங்கள், அதாவது சேருவதற்கு முன்பே படித்து முடித்திருக்க வேண்டிய பாடங்கள். மனித உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், வேதியியல், புள்ளியியல், ஊட்டச்சத்து, மனித வளர்ச்சி என்று கல்லூரிக்குக் கல்லூரி ஒரு பட்டியல் இருக்கும். அறிவியல் பாடங்களை லேப் வகுப்போடு படித்திருக்க வேண்டும் என்பார்கள், பல இடங்களில் இத்தனை வருடத்துக்குள் படித்திருக்க வேண்டும் என்றும் கேட்பார்கள். நம் பிள்ளைகள் இடறுவது இங்கேதான். பயோடெக்னாலஜி படித்த பெண்ணுக்கு நுண்ணுயிரியல் கணக்கில் வந்துவிடும், ஆனால் மனித உடற்கூறியலை லேப்போடு எங்கே படித்தாள்? பி.காம். பையனுக்குப் புள்ளியியல் மட்டும் தேறும். இதையெல்லாம் பார்க்காமல் விண்ணப்பக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு எட்டுப் பத்து இடத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள், நிராகரித்துக் கடிதம் வந்ததும் "போட்டி அதிகம் மேடம்" என்று முடித்துக்கொள்கிறார்கள். போட்டியே நடக்கவில்லை, விண்ணப்பம் வாசலிலேயே நின்றுவிட்டது, அதுதான் உண்மை.

டிரான்ஸ்கிரிப்ட், அதாவது படித்த பாடங்களும் மதிப்பெண்களும் அடங்கிய பல்கலைக்கழகச் சான்று, வாங்குவதும் தனி வேலை. பெங்களூர்ப் பல்கலைக்கழகம் மூன்றாகப் பிரிந்த பிறகு, சேரும்போது ஒரு பெயர், முடிக்கும்போது ஒரு பெயர் என்று இருக்கிறவர்கள் ஞானபாரதி வளாகத்துக்கும் சென்ட்ரல் காலேஜ் வளாகத்துக்கும் அலைகிறார்கள். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் தொடங்கினால் நடக்காது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். இந்த விண்ணப்பங்களில் ஒரு கட்டுரை கேட்பார்கள், ஏன் நர்ஸ் ஆக விரும்புகிறாய் என்று. நேர்காணலிலும் அதைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்பார்கள். கனடாவில் சில இடங்களில் காஸ்பர் என்று ஒரு தேர்வே இருக்கிறது, ஒரு சிக்கலான சூழ்நிலையைக் கொடுத்து நீ என்ன செய்வாய் என்று கேட்பது. இங்கிலாந்தில் சில கல்லூரிகள் முன்பே நோயாளிப் பராமரிப்பில் செலவிட்ட மணி நேரத்துக்குச் சான்று கேட்கும். ஏன் இவ்வளவு துருவுகிறார்கள் என்றால், நான்கு வருடப் படிப்பில் பிள்ளைகள் மெதுவாகப் பழகிக்கொள்ள நேரம் உண்டு, இதில் கிடையாது. சேர்ந்த சில வாரங்களில் வார்டில் நிற்க வேண்டும். மலம் நிறைந்த பெட் பேனை எடுக்கவும், நினைவில்லாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்கவும், அழுகிற மகனுக்குப் பதில் சொல்லவும் இந்த ஆளால் முடியுமா, பாதியில் ஓடிவிடுவாரா என்பதைத்தான் தேர்வுக் குழு பார்க்கிறது. நானும் மாணவிகளை வார்டில் பார்த்தவள், முதல் மார்க் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைக் கட்டியதையும் பார்த்திருக்கிறேன்.

அதனால் என்னிடம் வருகிறவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்பேன். உடம்புக்கு முடியாத ஒருவரை, உன் வீட்டு ஆள் இல்லாத ஒருவரை, எத்தனை நாள் தொட்டுப் பார்த்துக்கொண்டாய்? பதில் இல்லை என்றால் விண்ணப்பத்தை ஒரு வருடம் தள்ளி வை என்று சொல்லிவிடுவேன். சிலருக்குக் கோபம் வரும், அம்மாக்களுக்கு இன்னும் அதிகமாக வரும்.

என் அக்கா மகள் கதையைச் சொன்னால் புரியும். பயோடெக் முடித்தவள், மெடிக்கல் கோடிங்கில் இருந்தவள். கன்சல்டன்சி ஒன்று அவளுக்கு எழுதிக் கொடுத்த எஸ்.ஓ.பி.யில், அதாவது நான் மேலே சொன்ன அந்தக் கட்டுரையில், முதல் வரியிலேயே விளக்கேந்திய நைட்டிங்கேல் அம்மையார், இரண்டாவது பத்தியில் சிறு வயதிலிருந்தே சேவை மனப்பான்மை. அதே நைட்டிங்கேல், அதே சேவை மனப்பான்மை, அவளோடு சேர்ந்து பணம் கட்டிய இன்னொரு பெண்ணின் கட்டுரையிலும் ஊர்ப்பெயர் மட்டும் மாறி இருந்தது. இவள் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, சனி ஞாயிறுகளில் வலி நிவாரணப் பராமரிப்புச் சேவை ஒன்றில் தன்னார்வலராகச் சேர்ந்து, வீடு வீடாகப் போகும் நர்ஸின் பின்னால் போனாள். முதலில் பையைத் தூக்குகிற வேலைதான். மார்பகப் புற்றுநோய் புண்ணாகி வெடித்த ஒரு பாட்டி, நாற்றத்தால் பேரப்பிள்ளைகளே அறைக்குள் வராத நிலை. அந்த நர்ஸ் புண்ணைக் கழுவி, மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்துத் தூவி டிரெஸ்ஸிங் செய்தார், சில நாட்களில் நாற்றம் குறைந்தது, பேரன் கட்டிலில் வந்து உட்கார்ந்தான். இவள் செய்தது பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டதும், பழைய துணியைச் சுருட்டி எடுத்துப் போட்டதும் மட்டும்தான். அதைத்தான் கட்டுரையில் எழுதினாள், தான் என்ன செய்தேன், என்ன செய்யத் தெரியாமல் நின்றேன், அதைத் தெரிந்துகொள்ளத்தான் வருகிறேன் என்று. ஆங்கிலம் அலங்காரமாக இல்லை. நேர்காணலில் பாதி நேரம் அந்தப் பாட்டியைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள், இவளால் சொல்ல முடிந்தது, ஏனென்றால் நடந்தது. இப்போது ஆஸ்திரேலியாவில் 2 ஆண்டு முதுநிலையில் இருக்கிறாள்.

பரிந்துரைக் கடிதத்திலும் இதே நேர்மை வேண்டும். பரிந்துரைப்பவரிடமிருந்து கல்லூரி நேரடியாக வாங்கும் கடிதம் அது. பேராசிரியர் பெயரில் பொய் மின்னஞ்சல் தொடங்கி ஏஜெண்டே எழுதி அனுப்புவதாகக் கேள்விப்படுகிறேன். பிடிபட்டால் போவது ஏஜெண்டின் பெயர் இல்லை, பிள்ளையின் இடம், விசா, எதிர்காலம் எல்லாம். மனிதர் உயிரைக் கையில் கொடுக்கும் தொழிலுக்குப் பொய்க் கடிதத்தோடு போவதை என்னால் ஏற்கவே முடியாது.

பணத்தைப் பற்றியும் விசாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், உங்கள் கட்டுரை அவற்றைத் தொடவே இல்லை. அமெரிக்காவில் மாணவர் விசாவில் படித்து முடித்தால் 12 மாதம் வேலைப் பயிற்சி அனுமதி கிடைக்கும். அதற்குப் பிறகு? சாதாரண வார்டு நர்ஸ் வேலைக்கு எச்-1பி என்ற வேலை விசா கிடைப்பது கடினம், நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டு வரிசையில் இந்தியர்களுக்குப் பத்து வருடத்துக்கு மேல் காத்திருப்பு. தங்கவயலில் இருக்கிற ஒரே வீட்டை அடமானம் வைத்து அனுப்புகிற குடும்பம் இதைத் தெரிந்துகொண்டுதான் அனுப்ப வேண்டும். நாட்டுக்கு நாடு விதி வேறு, மாறிக்கொண்டும் இருக்கும், அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தில் நீங்களே படியுங்கள், ஏஜெண்டின் வாயிலிருந்து கேட்காதீர்கள்.

இந்தியாவில் இப்படி ஒரு வழியே இல்லாததும் எனக்கு வருத்தம்தான். இங்கே பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு, பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். எம்.எஸ்சி. பட்டமே வாங்கியிருந்தாலும் நர்ஸ் ஆக வேண்டுமென்றால் 18 வயதுப் பிள்ளைகளோடு முதல் வருடத்திலிருந்து உட்கார வேண்டும். ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்தவர்களுக்குப் பட்டம் வாங்க 2 ஆண்டு போஸ்ட் பேசிக் படிப்பு இருப்பதுபோல, உயிரியல் பட்டதாரிகளுக்கும் பயிற்சி நேரத்தைக் குறைக்காமல் ஒரு வழி வைத்தால் என்ன? தேசிய நர்சிங் மற்றும் மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் 2023-ல் வந்திருக்கிறது, பழைய 1947 சட்டத்துக்குப் பதிலாக. பாடத்திட்டத்தை மாற்றி யோசிக்க இதைவிட நல்ல நேரம் இருக்காது. இங்கேயே வழி இருந்தால் இந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் கடன் வாங்கிக் கடல் கடக்க மாட்டார்கள்.

அதுவரை பெங்களூர் மருத்துவமனைகளிடம் ஒரு வேண்டுகோள். நர்சிங்குக்குப் போக நினைக்கிற பட்டதாரி, வார்டைப் பார்க்க வேண்டும் என்று வந்தால் வாசலில் செக்யூரிட்டியே திருப்பி அனுப்பிவிடுகிறார். ஊசி மருந்தைக் கொடுக்கச் சொல்லவில்லை. சாப்பாடு ஊட்ட, சக்கர நாற்காலி தள்ள, தமிழ் மட்டுமே தெரிந்த நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் நின்று பேச ஆள் வேண்டாமா? கைகழுவும் முறை, தொற்றுத் தடுப்பு, நோயாளியின் ரகசியம் காப்பது, இவற்றைச் சில நாள் சொல்லிக் கொடுத்து, ஒரு சிஸ்டரின் மேற்பார்வையில் வாரம் ஒரு நாள் விடுங்கள், செய்த நேரத்துக்கு உண்மையான சான்று கொடுங்கள். கருணாஷ்ரயா போல, புற்றுநோய் முற்றியவர்களைக் கட்டணம் வாங்காமல் பார்த்துக்கொள்ளும் இடங்கள் இந்த ஊரில் இருக்கின்றன, முதியோர் இல்லங்களும் இருக்கின்றன, பிள்ளைகள் அங்கேயும் போய்க் கேட்கலாம்.

உங்களிடம் கேட்பது, அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது முன்தேவைப் பாடங்களின் பட்டியலையும், விசா நிலையையும், இப்படிப் படித்து இப்போது வார்டில் வேலை செய்கிற இரண்டு மூன்று பேரின் அனுபவத்தையும் சேர்த்துப் போடுங்கள். கட்டுரைக்குப் பக்கத்திலேயே கன்சல்டன்சி விளம்பரம் வேண்டாம். எங்கள் பகுதியில் யாராவது ஓர் அறை கொடுத்தால், ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளின் மார்க் ஷீட்டைப் பார்த்து எந்தப் பாடம் குறைகிறது என்று சொல்ல நான் வருகிறேன், என்னோடு வேலை பார்த்த இன்னும் சில சிஸ்டர்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வார்டு சிஸ்டர்,
அல்சூர், பெங்களூரு