மஞ்சள் வெளிச்சத்தை விடவேண்டாம் அப்பா

சார்செல், பிரான்ஸ்
டிசம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே அவரும் அத்தையும் குழந்தைகளும் நானும் நலம். உங்கள் நலமும் அம்மா, தம்பி நலமும் அறிய ஆவல். கண் அறுவை முடிந்தபிறகு மருத்துவர் சொன்ன சொட்டு மருந்தை விடாமல் போட்டுக்கொள்கிறீர்கள் என்று அம்மா சொன்னார். மனம் நிம்மதியானது.

போன வாரம் தம்பி போனில் ஒரு வழக்கைக் கொண்டுவந்தான். வீட்டிலுள்ள குண்டு பல்புகளை எல்லாம் கழற்றிவிட்டு எல்இடி மாட்ட வேண்டும் என்பது அவன் பக்கம். அந்த ஆஸ்பத்திரி வெளிச்சம் என் வீட்டுக்கு வேண்டாம் என்பது உங்கள் பக்கம். அப்பா, இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பல்பை மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதற்காக நீங்கள் விரும்புகிற மஞ்சள் வெளிச்சத்தை இழக்க வேண்டியதே இல்லை. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். எழுதி வைத்தால் கடைக்குக் கையிலேயே எடுத்துப் போகலாம் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன்.

இந்த நாட்டுக்கு வந்த பிறகுதான் வெளிச்சத்தைப் பற்றி இவ்வளவு யோசிக்கக் கற்றுக்கொண்டேன். டிசம்பர் கடைசியில் பாரீஸில் சூரியன் உதிக்கக் காலை 8.40 ஆகிறது. மாலை ஐந்து மணி வாக்கில் மறைந்தும் விடுகிறது. பெரியவள் இருட்டில் பள்ளிக்குப் போகிறாள். திரும்பி வந்து பாலைக் குடித்து முடிப்பதற்குள் மறுபடி இருட்டு. ஜூன் மாதத்திலோ இரவு பத்து மணி வரை வெயிலடிக்கும். நம் கடலூரில் விளக்கு வைக்கிற நேரம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். இங்கே அது மாதந்தோறும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அத்தை மட்டும் வானத்தைப் பார்ப்பதில்லை. புதுச்சேரியில் வைத்த வழக்கப்படி ஆறு மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்து விளக்கேற்றுகிறார். ஜூன் மாத வெயில் ஜன்னலில் அடிக்கும்போதும் அப்படித்தான். அவரைப் பார்த்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது.

குளிர்காலத்தில் பகலிலும் விளக்கு எரிகிற வீடு என்பதால் எந்தப் பல்பு என்பது இங்கே அன்றாடக் கேள்வி. கடையில் குண்டு பல்பு கிடைக்காது. ஐரோப்பா முழுவதற்கும் சேர்த்துச் சட்டம் போட்டு, 2009 செப்டம்பரில் 100 வாட்டில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு படியாக 2012 செப்டம்பருக்குள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். பிறகு 2018-இல் ஹாலஜன் பல்புகள் போயின. 2023-இல் டியூப்லைட்டும் போயிற்று. திடீரென்று பிடுங்காமல் படிப்படியாகச் செய்ததால் மக்களுக்குப் பழகிக்கொள்ள நேரம் கிடைத்தது என்று பக்கத்து வீட்டு அம்மையார் சொல்வார். அவர் வீட்டுப் பழைய சரவிளக்கில் நம் வீட்டில் இருப்பது போன்ற இரண்டு பின் ஹோல்டர்தான் இருக்கிறது. பிரான்ஸின் பழைய வீடுகளில் அந்த வகை நிறைய உண்டு. முதல் முறை அதைப் பார்த்தபோது நம் கூடத்துச் சுவரையே பார்த்தது போல மகிழ்ந்துபோனேன்.

இனி கடைக்குப் போகும் விஷயம். "60 வாட் பல்பு கொடுங்கள்" என்று கேட்டுத்தான் நாம் பழகியிருக்கிறோம். வாட் என்பது அது தின்கிற மின்சாரம். தருகிற வெளிச்சத்தின் அளவு லூமன். குண்டு பல்பு மட்டுமே இருந்த காலத்தில் ஒன்றைச் சொன்னால் மற்றது விளங்கிவிடும். இப்போது அப்படி இல்லை. இங்கே பல்புப் பெட்டியில் லூமன் எண்தான் பெரிதாக இருக்கிறது. 40 வாட் குண்டு பல்புக்கு ஈடு 470 லூமன், 60 வாட்டுக்கு 806, 100 வாட்டுக்கு 1521 என்று இவர்கள் வரையறுத்திருக்கிறார்கள். ஆகவே நீங்கள் 60 வாட் பல்பைக் கழற்றுகிற இடத்துக்கு 800 லூமனுக்குக் குறையாமல் கேளுங்கள். 8 அல்லது 9 வாட் எல்இடியிலேயே அது கிடைத்துவிடும். அதே 9 வாட்டில் ஒரு நிறுவனத்தின் பல்பு மங்கலாகவும் இன்னொன்று பளிச்சென்றும் இருப்பதுண்டு. அதனால் வாட்டைப் பார்த்து வாங்காதீர்கள்.

அடுத்தது நிறம். உங்கள் மனக்குறை முழுவதும் இதில்தான் இருக்கிறது. தம்பி வாங்கி வந்து படிக்கும் அறையில் மாட்டினானே, அது 6500 கெல்வின். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற அளவு. நம் ஊர்க் கடைகளில் கேட்காமலே எடுத்துக் கொடுப்பது அதைத்தான். பெட்டியில் 'கூல் டேலைட்' என்று போட்டிருக்கும். கெல்வின் எண் கூடக்கூட வெளிச்சம் நீலம் கலந்து வெளுக்கும், குறையக்குறைய மஞ்சளாகும். குண்டு பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய 2700 கெல்வின். எல்இடியிலும் அதே 2700 இருக்கிறது, 'வார்ம் ஒயிட்' என்று கேட்க வேண்டும். இங்கே பெரும்பாலான வீடுகளில் கூடத்திலும் படுக்கையறையிலும் இந்த மஞ்சள்தான் எரிகிறது. சாயங்காலம் தெருவில் நடந்தால் ஜன்னலுக்கு ஜன்னல் நம் வீட்டு வெளிச்சமாகவே தெரியும். ஐரோப்பா குண்டு பல்பை ஒழித்ததே தவிர, அதன் வெளிச்சத்தை ஒழிக்கவில்லை அப்பா.

எரிந்துபோன எல்இடி ஒன்றின் வெள்ளைத் தொப்பியை உங்கள் மாப்பிள்ளை கழற்றிக் காட்டினார். உள்ளே ஒரு வட்டத் தகடு. அதில் மஞ்சள் பூச்சோடு சிறு சிறு பொட்டுகள். ஒவ்வொரு பொட்டுக்கு அடியிலும் இருப்பது நீல ஒளி தருகிற சில்லு. நீலம் அந்த மஞ்சள் பூச்சின் வழியே வரும்போதுதான் நம் கண்ணுக்கு வெள்ளையாகிறது. பூச்சின் கலவையை மாற்றினால் மஞ்சள் வெளிச்சம். அந்த நீல ஒளியை உண்டாக்கியதற்காகத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இதைச் சொன்னால் நீங்கள் மகிழ்வீர்கள் என்று தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் அறிவியல் வாத்தியார் வாத்தியார்தானே. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: மஞ்சள் வகை அதே மின்சாரத்துக்கு வெள்ளையைவிடக் கொஞ்சம் குறைவாக வெளிச்சம் தரும். அந்தச் சின்ன வித்தியாசத்துக்காக மனதுக்குப் பிடிக்காததை மாட்ட வேண்டாம்.

பூஜை அறைக்கும் கூடத்துக்கும் 2700 போடுங்கள். பூஜை அறைக்குக் கண்ணாடிக் குடுவைக்குள் இழை தெரிகிற 'ஃபிலமென்ட்' வகை எல்இடி வாங்கினால் பார்ப்பதற்கும் பழைய பல்பு மாதிரியே இருக்கும், அம்மாவுக்குப் பிடிக்கும். சமையலறையில் மட்டும் நான் வேறு மாதிரி சொல்வேன். அங்கே 4000 கெல்வின் வைக்கலாம், அரிசியில் கல் பார்க்கவும் கீரை ஆயவும் உதவும். அதோடு சிஆர்ஐ என்ற எண்ணையும் பாருங்கள். பொருளின் நிறத்தை உள்ளது உள்ளபடி காட்டுகிற திறன் அது. குண்டு பல்புக்கு ஏறக்குறைய 100. இங்கே 80-க்குக் குறைந்த எல்இடியை வீட்டு உபயோகத்துக்கு விற்க முடியாது. 90 கிடைத்தால் சிறப்பு. பாரீஸில் லா சப்பேல் பக்கத்துத் தமிழ்க் கடைகளில் அத்தை புடவை எடுக்கும்போது ஒவ்வொன்றையும் வாசலுக்குக் கொண்டுவந்து பார்ப்பார். மாம்பழ நிறம் என்று உள்ளே எடுத்தது வெளியே வேறாக இருக்கும். மட்டமான விளக்குக்கு அடியில் மஞ்சள்தூளும் அப்படித்தான் வெளிறித் தெரியும்.

நீங்கள் நாளிதழ் படிக்கிற இடத்தில் வெளிச்சத்தைக் கூட்டுங்கள். வயதான கண்ணுக்கு வெளிச்சம் அதிகம் வேண்டும், ஆனால் கூச்சம் ஆகாது. சாய்வு நாற்காலிக்கு இடப்பக்கம் தோளுக்குப் பின்னால் ஒரு விளக்கு, பல்பு நேராகக் கண்ணில் படாதபடி மூடி போட்டு. கூடத்து விளக்கை மட்டும் நம்பிப் படிக்காதீர்கள்.

பின்கட்டுக்கும் மஞ்சளே நல்லது. மழைக்காலத்தில் ஈசலும் பூச்சியும் வெள்ளை வெளிச்சத்துக்குத்தான் அதிகம் வரும். படிக்கட்டுக்கு இங்கே ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. எங்கள் குடியிருப்பில் ஆள் வந்தால் தானே எரிந்து, போனால் தானே அணைகிற விளக்கு. அந்த வகைப் பல்பு நம் ஊரிலும் கிடைக்கிறது; அம்மா இருட்டில் சுவரைத் தடவி சுவிட்சைத் தேட வேண்டியிருக்காது.

கணக்கையும் பார்த்துவிடுவோம். கூடம், சமையலறை, பின்கட்டு, படிக்கட்டு என்று நான்கு 60 வாட் பல்புகள் நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 72 யூனிட். 9 வாட் எல்இடியானால் 11 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். படுக்கையறையில் விடிய விடிய எரிகிறதே 'ஜீரோ வாட்' பல்பு, பெயர்தான் ஜீரோ. அது 15 வாட் வரை இழுக்கும். இரண்டு மாதத்தில் 9 யூனிட்! அரை வாட் எல்இடி இரவு விளக்குக்கு அரை யூனிட்கூட ஆகாது. எல்லாம் சேர்ந்து 70 யூனிட் மிச்சம். நமக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் இது சிறியதாகத் தோன்றலாம். ஆனால் கோடையில் நம் வீட்டுக் கணக்கு 500-ஐ ஒட்டி நிற்கிறது. 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படியில் கிடைத்த குறைந்த விலையும் போய்விடும். அந்த இடத்தில் இந்த 70 யூனிட் பெரிய தொகை. மின்விசிறிகள் இதைவிட அதிகம் தின்கின்றன என்பதும் உண்மை. 75 வாட் விசிறி பகலிரவாக ஓடுகிறது. அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

பணத்தைவிட என்னை உறுத்துவது வேறு ஒன்று. குண்டு பல்பு இழுக்கிற மின்சாரத்தில் 100-இல் 5 பங்குதான் வெளிச்சமாகிறது, மிச்சமெல்லாம் சூடு. அந்த மின்சாரத்தை எடுக்க நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரிக்கிறார்கள். அனல் மின் நிலையத்திலும் எரிபொருளின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. இரண்டையும் பெருக்கினால், பூமியைத் தோண்டி எடுத்த கரியில் 100-க்கு 2 பங்குகூட நம் கூடத்துக்கு வெளிச்சமாக வந்து சேரவில்லை. வந்து சேர்வது மே மாதக் கடலூரில் யாருக்கும் வேண்டாத சூடு. இதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை அப்பா.

மின்வெட்டு நாட்களையும் எண்ணிப் பாருங்கள். 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் நம் ஊருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறிய பிறகு எத்தனை இரவுகள் மெழுகுவர்த்தியோடு உட்கார்ந்திருந்தோம். இப்போது இன்வெர்ட்டர் இருக்கிறது. ஒரு 60 வாட் பல்பை எரிக்கிற பேட்டரியில் ஆறு எல்இடியை அதே நேரம் எரிக்கலாம்.

ஒரே ஒரு குண்டு பல்பை மட்டும் எடுத்து வையுங்கள். அம்மா கோழிக்குஞ்சுகளைக் கூடையில் வைத்து மேலே பல்பு கட்டுவாரே, அதற்கு. அங்கே வேண்டியது சூடு. எல்இடி அதற்கு உதவாது.

லாரன்ஸ் ரோட்டில் வாங்கும்போது சாலையோரத்தில் கூவி விற்பதைத் தொடாதீர்கள். பெட்டியில் ஐஎஸ் 16102 என்ற தர எண்ணும் பிஐஎஸ் என்கிற இந்தியத் தர அமைப்பின் பதிவு எண்ணும் மின்சிக்கன நட்சத்திரக் குறியீடும் இருக்கிறதா என்று பாருங்கள். உத்தரவாத ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடையிலேயே எரியவிட்டு, தம்பியின் போன் கேமராவை அருகில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். திரையில் கோடுகோடாக ஓடினால் அந்தப் பல்பு துடிக்கிறது என்று பொருள், வேண்டாம். நம் ஊர் மின்னழுத்தம் ஏறி இறங்கும் என்பதால் எவ்வளவு வோல்ட் வரை தாங்கும் என்று பெட்டியில் போட்டிருப்பதையும் படியுங்கள். காற்றுப் போகாத மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் மாட்டினால் சூடேறி உள்ளே இருக்கிற மின்சுற்று சீக்கிரம் கெடும். கடல் காற்றில் பச்சை பூத்த பழைய ஹோல்டர்களை எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி முதலில் மாற்றிவிடுங்கள்.

பரணில் பழைய சுருள் சிஎஃப்எல் பல்புகள் கிடக்கின்றன. அவற்றில் பாதரசம் உண்டு. உடைத்துக் குப்பையில் போட வேண்டாம். இங்கே சூப்பர் மார்க்கெட் வாசலிலேயே அதற்குப் பெட்டி வைத்திருக்கிறார்கள், பால் வாங்கப் போகிறவர்கள் போட்டுவிட்டுப் போகிறார்கள். நம் ஊரில் மின்கழிவு வாங்குகிற இடம் எது என்று தம்பி மாநகராட்சியில் விசாரிக்கட்டும். அதுவரை அட்டைப் பெட்டியில் துணி சுற்றி வையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. கூடத்துக்கு ஒன்று வாங்கி, ஒரு வாரம் அதன் வெளிச்சத்தில் இருந்து பாருங்கள். பிடித்தால் மற்றவை. அடுத்த மின்கணக்கு எடுத்ததும் அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். போன வருடத்து இதே மாதக் கணக்கையும் சேர்த்து.

பெரியவள் தாத்தாவுக்கு முத்தம் அனுப்பச் சொன்னாள். சின்னவன் உறங்கிவிட்டான்.

அன்புடன்,
உங்கள் மகள்