தேர்வு நாளும் காலி வயிறும்

ஆசிரியருக்கு,

பொதுத்தேர்வு வந்தால் 'தைரியமாக இரு' என்கிறோம். பிள்ளை சாப்பிட்டதா என்று பார்ப்பவர் குறைவு. பிளஸ் டூ தேர்வில் காலை 10 மணிக்கு வினாத்தாள் வாசிக்க 10 நிமிடம், விவரம் சரிபார்க்க 5 நிமிடம். அதன்பின் 3 மணி நேரம் எழுதி வெளியே வரும்போது மணி 1.15. ஏழரைக்கே பஸ் ஏறும் பிள்ளை பாதித் தோசையோடு கிளம்பினால் பன்னிரண்டுக்கு மேல் தலை கிறுகிறுக்கும். தெரிந்த கணக்கில்கூட கூட்டல் தப்பும். நான்கு இட்லி, சாம்பார், ஒரு வாழைப்பழம் போதும். முந்தின இரவு பரோட்டா சால்னா வேண்டாமே.

கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காத மாணவிகள் நிறைய. மார்ச் வெயிலில் தலைவலியும் நீர்க்கடுப்பும் வர அது போதும். தேர்வு மையங்கள் மேஜையில் எண் ஒட்டும் நாளிலேயே கழிப்பறைத் தாழ்ப்பாள், குழாய், வாளி ஆகியவற்றையும் பார்த்துவிடட்டும். நான்கு நாப்கின்களும் இருக்கட்டும்.

இரவு 11 மணிக்குக் குடிக்கும் காபியின் வீரியம் அதிகாலை வரை உடம்பில் நிற்கும். தூக்கம் கெட்டால் படித்ததும் சரியாகப் பதியாது.

எழுதிவிட்டு வரும் பிள்ளையை வாசலில் நிறுத்தி 'ஒரு மார்க் எத்தனை தப்பு?' என்று கேட்பதுதான் பெரிய கொடுமை. விடைக்குறிப்பு கடைசித் தேர்வுவரை காத்திருக்கும். பிள்ளை இரண்டு மூன்று நாள் தூங்காமல், பேசாமல் இருந்தாலோ, சாவைப் பற்றி விளையாட்டாகச் சொன்னாலோ திட்டாதீர்கள், தனியே விடாதீர்கள். 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணையோ 14416 என்ற மனநல உதவி எண்ணையோ அழையுங்கள், நள்ளிரவிலும் எடுப்பார்கள்.

பள்ளி ஆசிரியர்கள் சிலர், திருச்சி