பூட்டிய கதவுக்குள் மற்ற இருவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டன் பெண்களின் வாக்குரிமைப் போராட்டச் சுவரொட்டிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். எக்காளம் ஊதும் பெண், பூனையின் வாயில் சிக்கிய பெண் என்று படத்தேர்வும் அருமை. ஆனால் 'கைதிகள், பைத்தியங்கள், பெண்கள்' சுவரொட்டியைக் கூர்மையான நையாண்டி என்று ஒரே வரியில் பாராட்டிவிட்டுக் கட்டுரையாளர் நகர்ந்துவிட்டார். அதுதான் உறுத்தியது.

எமிலி ஹார்டிங் ஆண்ட்ரூஸ் வரைந்த படம் அது. இந்த மூன்று தரப்புக்கும் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கில்லை என்பதே அதன் வாசகம். வெளியிட்டது, 1907-இல் தொடங்கிய ஓவியர்களின் வாக்குரிமைச் சங்கம். பட்டமளிப்பு அங்கியும் தொப்பியும் அணிந்த பெண், ஒரு கைதியோடும் மனநோயாளியோடும் பூட்டிய கதவுக்குள் நிற்கிறார். "நான் வெளியே போக நேரமாகிவிட்டது, சாவி எங்கே கிடைக்கும்?" என்று கேட்கிறார். சரி, நியாயமான கேள்வி. ஆனால் கூட இருக்கும் இருவரும் உள்ளேயே கிடக்கட்டும் என்பதும் அந்தக் கேள்வியில் அடக்கம்தானே?

1909-இல் தொடங்கிய சஃப்ரேஜ் அட்டேலியர் என்ற வாக்குரிமை ஓவியக் குழுவினர் மரக்கட்டையில் செதுக்கிக் கையாலேயே அச்சடித்தவர்கள். அவர்களுடைய சுவரொட்டி ஒன்றில் மேல்வரிசையில் வாக்கில்லாத பெண்கள்: மேயர், செவிலி, தாய், மருத்துவர் அல்லது ஆசிரியை, ஆலைத் தொழிலாளி. கீழ்வரிசையில் முன்பு என்னவாக இருந்திருந்தாலும் வாக்கை இழக்காத ஆண்கள்: குற்றவாளி, மனநோயாளி, பெண்களை விற்பவன், குடிகாரன். இவர்களுக்கு நடுவே 'படைச் சேவைக்குத் தகுதியற்றவன்' என்றும் ஒருவன்! உடல்நலம் இல்லாதவன் என்ன பாவம் செய்தான்?

எதிர்த்தரப்பு பெண்களைக் கேலி செய்து அஞ்சலட்டைகளை அடித்துத் தள்ளிய காலம் அது. பதிலடி காரமாகத்தான் இருந்திருக்கும். அது புரிகிறது. இருந்தாலும் 'எங்களை யாரோடு சேர்த்துவிட்டீர்கள் பாருங்கள்' என்ற வாதத்துக்கு ஒரு விலை உண்டு. 1918 சட்டம் பெண்களில் 30 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும், அதிலும் தமக்கோ கணவருக்கோ சொத்துத் தகுதி இருந்தவர்களுக்கும் பட்டம் பெற்றவர்களுக்கும் மட்டும் வாக்குரிமை அளித்தது. ஆண்களுக்கு 21 வயதே போதும். அங்கி போட்ட பெண்ணுக்குச் சாவி கிடைத்துவிட்டது. மேல்வரிசை ஆலைத் தொழிலாளி, இளம்பெண்ணாகவோ வாடகை அறைவாசியாகவோ இருந்தால் 1928 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அட்டேலியர் சுவரொட்டியை அடுத்த இதழில் அரைப் பக்கத்திலாவது வெளியிடுங்கள். படங்களுக்குக் கீழே உள்ள எழுத்துகளை வெட்டிவிடாமல், தமிழிலும் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை,
தஞ்சாவூர்.